மாருதி 800 பின் பிரேக்: எந்தப் பாகத்துக்குக் காசு கொடுக்கலாம்?

“பின் பிரேக் பிடிக்கவே இல்லை” என்று ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சொன்னால் கவுண்டருக்கு முதலில் வருவது ஒரு செட் பிரேக் ஷூதான். மாருதி 800-க்கு அது எந்த ஊரிலும் கிடைக்கும். விலையும் கையைக் கடிக்காது. மாட்டி முடித்துப் பார்த்தால் பெடல் பழையபடியே இறங்கும், ஹேண்ட் பிரேக் பழையபடியே உச்சிவரை வரும். உடனே ஷூ மட்டம் என்று பேச்சு வரும். ஷூவின் மேல் தப்பில்லை. வயதான 800-இல் பின் பிரேக் மங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியவை மூன்று: இறுகிப்போன வீல் சிலிண்டர், துருவில் ஒட்டிக்கொண்ட அட்ஜஸ்டர், தேய்ந்து அகன்ற டிரம். ஷூ நாலாவதுதான். கடையில் கிடைக்கும் பாகங்களையும் அவற்றோடு சேர்ந்த லேத் வேலையையும் இந்த மதிப்புரை அந்தக் கண்ணோடுதான் எடைபோடுகிறது.

800-இன் அமைப்பு எளிமையானது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். ஒவ்வொரு பின் சக்கரத்திலும் மேலே ஒரு வீல் சிலிண்டர், அதற்குள் இரு பக்கமும் தள்ளும் இரண்டு பிஸ்டன், இரண்டு ஷூ, அவற்றுக்கு நடுவே ஷூவின் இடைவெளியைத் தானே சரிசெய்யும் அட்ஜஸ்டர் கம்பி, ஒரு ஷூவோடு சேர்ந்த ஹேண்ட் பிரேக் நெம்புகோல். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த இந்த வண்டியின் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. ஆகவே இன்று ஓடும் 800 எதுவானாலும் பழைய வண்டிதான். 15 வருடம் முடிந்து ஆர்சி புதுப்பிக்கப் போகும்போதுதான் பலருக்குப் பின் பிரேக்கின் நினைப்பே வருகிறது. அதுவரை முன் டிஸ்க் எல்லாச் சுமையையும் தாங்கிக்கொண்டு குறையை மறைத்துவிடும். மழையில் வண்டி நிறைய ஆளோடு இறங்கும்போதும், ஏற்காடு மாதிரி ஒரு மலைச்சாலையில் இறங்கும்போதும் அந்த மறைப்பு விலகும்.

ஆல்டோ, ஜென் வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான். பாக எண்கள் மட்டும் வேறு. ஆம்னி, அம்பாசடர் போன்ற பின்சக்கர இழுவை வண்டிகளில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. அதை ஷூ பற்றிப் பேசும் இடத்தில் சொல்கிறேன்.

வாங்குவதற்கு முன் அரை மணி நேரம்

ஒரு பைசா செலவழிக்கும் முன் வண்டியைக் கேளுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, பெடலை ஒரு முறை நிதானமாக அழுத்தி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். விட்டுவிட்டு உடனே மறுபடி அழுத்துங்கள். முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டாவது மூன்றாவது மிதியில் மேலேயே நின்றால் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி கூடிவிட்டது. முன் டிஸ்க் தேயத் தேயத் தானே நெருங்கிக்கொள்ளும். ஆகையால் இந்த இடைவெளி ஏறக்குறைய எப்போதும் பின்னால்தான் இருக்கும். பெடல் பஞ்சுபோல அமுங்கினால் குழாயில் காற்று. அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்லக் கீழே போனால் எங்கோ கசிவு, அல்லது பெடலோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டருக்குள் ஆயிலை அடைத்து நிறுத்தும் ரப்பர் கப் போய்விட்டது. பெடல் மரக்கட்டைபோல இறுகி, எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்கத் தயங்கினால் பூஸ்டர் (மிதியின் பலத்தைக் கூட்டித் தரும் பாகம்) உள்ள வண்டியில் பூஸ்டரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இன்ஜினை அணைத்து ஐந்து முறை மிதித்து, அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலடியில் சற்று இறங்கினால் பூஸ்டர் நலம்.

அடுத்த சோதனைதான் காசை மிச்சப்படுத்துவது. காலி மைதானத்தில் 15 கி.மீ. வேகத்தில் உருட்டி, ஹேண்ட் பிரேக் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே நெம்புகோலைச் சிறுகச் சிறுக இழுங்கள். ஹேண்ட் பிரேக்கும் கால் பிரேக்கும் பின்னால் தள்ளுவது அதே ஷூவை, அதே டிரம்மில்தான். தள்ளும் வழி மட்டும் வேறு: ஒன்று கேபிள், மற்றது ஆயில். ஹேண்ட் பிரேக் நன்றாகப் பிடித்து, கால் பிரேக்கில் மட்டும் பின்சக்கரம் ஏனோதானோ என்றிருந்தால் ஷூ வாங்க வேண்டாம். கோளாறு ஆயில் வழியில், அதாவது வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், குழாய் இவற்றில் ஒன்றில் இருக்கிறது. இரண்டுமே பிடிக்கவில்லை என்றால் லைனிங் (ஷூவின் மேல் ஒட்டிய, டிரம்மில் உரசும் பட்டை), டிரம் பக்கம் திரும்புங்கள். ஹேண்ட் பிரேக் ஏழெட்டு கிளிக்குக்கு மேல் போய், போனபின் உறுதியாகப் பிடித்தால் அட்ஜஸ்டர் வேலை செய்யவில்லை, அல்லது கேபிள் நீண்டுவிட்டது.

மூன்றாவது சோதனை சூடு. நாலைந்து கிலோமீட்டர் ஓட்டி, பத்துப் பன்னிரண்டு தடவை சாதாரணமாக பிரேக் போட்டு நிறுத்துங்கள். இரண்டு பின் டிரம்மையும் கை படாமல் அருகில் கொண்டுபோய் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று வெதுவெதுப்பாகவும் மற்றது காற்றுபோலக் குளிர்ந்தும் இருந்தால் குளிர்ந்த பக்கம் பிரேக்கே போடவில்லை. ஒரு பக்கம் கை நெருங்க முடியாத சூடு என்றால் அங்கே ஷூ திரும்பி வராமல் உரசிக்கொண்டிருக்கிறது.

நாலாவது சோதனைக்குக் கொஞ்சம் அழுக்காக வேண்டும். முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கையை விடாதீர்கள். வீல் சிலிண்டரில் காற்றை வெளியேற்ற வைத்திருக்கும் பிளீடர் நிப்பிளைத் தளர்த்தி, ஒருவர் பெடலை மிதிக்க, ஆயில் பீய்ச்சி வர வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் பின் அச்சுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பி அடைத்திருக்கலாம். வெளியே பார்த்தால் புதிதுபோலத்தான் இருக்கும். ஹோஸ் மாற்றுவது சின்னச் செலவு; அதை விட்டுவிட்டு உள்ளே எதை மாற்றினாலும் பயனில்லை.

வீல் சிலிண்டர்: கிட்டா, முழுசா?

என் முழு மதிப்பெண்ணும் இங்கேதான் போகிறது. பின் பிரேக்குக்கு ஒரே ஒரு பாகம்தான் வாங்க முடியும் என்றால் இரண்டு பக்கத்துக்கும் முழு வீல் சிலிண்டர் வாங்குங்கள்.

கடையில் இரண்டு விதமாகத் தருவார்கள். ஒன்று ரப்பர் கிட்: இரண்டு கப், தூசி புகாமல் வெளியே மூடும் இரண்டு பூட். மற்றது பிஸ்டன், ஸ்பிரிங், நிப்பிள் எல்லாம் சேர்ந்த முழு சிலிண்டர். கிட் மிக மலிவு. அதனால்தான் பலரும் அதற்கே போகிறார்கள். பழைய சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடிபோல வழவழப்பாக இருந்தால் கிட் நியாயமான தேர்வுதான். இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பிஸ்டன்களை வெளியே தள்ளி, உள்ளே துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். கப் வழக்கமாக நிற்கும் இடத்துக்குச் சற்று வெளியே பழுப்பு வளையமோ ஊசி குத்தியதுபோல் குழிகளோ தெரிந்தால் அந்தச் சிலிண்டர் முடிந்துவிட்டது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் கனத்து, குழாய் முடியும் கடைக்கோடியான வீல் சிலிண்டரின் அடியில் தங்கும். துரு அங்கிருந்து தொடங்கும். புது கப் அந்தக் குழியின் மேல் போய்வரும்போது உதடு கிழியும். சில மாதத்தில் ஆயில் லைனிங்கில் வழியும். புது ஷூவும் அதோடு வீண்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, “சரியாயிடுச்சு” என்று மாட்டித் தருவது உண்டு. வார்ப்பிரும்பு சிலிண்டரில் மேலோட்டமான கறையை மிக மெல்லிய தாளால் எடுக்கலாம். குழியை எடுக்க முடியாது. அலுமினிய சிலிண்டரில் தாளே படக்கூடாது, மேலுள்ள காப்புப் பூச்சு போய்விடும். உட்கார்ந்து தேய்க்கும் கூலிக்கு முழு சிலிண்டரே வந்துவிடும் என்பதால் கிட்டுக்கு நான் சாதகமாகப் பேச மாட்டேன். கடற்கரை ஊர்க்காரர்களுக்கும், வாரத்தில் ஒரு நாள் மட்டும் வண்டி எடுப்பவர்களுக்கும் இது இன்னும் பொருந்தும். நின்றே கிடக்கும் வண்டியில் பிஸ்டன் சீக்கிரம் இறுகும்.

சிலிண்டரைக் கழற்றாமலே அதன் நிலையைப் பார்க்க ஒரு வழி உண்டு. டிரம்மை எடுத்தபின் பூட்டின் உதட்டைச் சின்ன ஸ்க்ரூடிரைவர் முனையால் மெல்லத் தூக்குங்கள். உள்ளே லேசான ஈரப்பசை இருந்தால் பரவாயில்லை. ஒரு துளி உருண்டு வந்து பூட் ஓரத்தில் நின்றால் மாற்ற வேண்டியதுதான். இன்னொரு அடையாளம் ஷூவின் தேய்மானம். வண்டி முன்னே போகும்போது முன்பக்க ஷூவை டிரம் தன்னோடு இழுத்து இறுக்கிக்கொள்ளும். எனவே அது பின்பக்க ஷூவைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தேய்வது இயல்பு. மாறாக, பின்பக்க ஷூ தேய்ந்து முன்பக்க ஷூ புதுக்கருக்கு மாறாமல் இருந்தால் முன்பக்க பிஸ்டன் நகரவில்லை. பாதி பிரேக்கில், அதுவும் பலமில்லாத பாதியில், அந்தச் சக்கரம் ஓடியிருக்கிறது.

எந்தப் பெயரில் வாங்குவது? மாருதி ஜெனியூன் பாகம் கேள்வி கேட்காமல் வாங்கலாம். அதற்கு அடுத்து, சென்னை பாடியில் 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா விற்கும் சிலிண்டர்கள். பிரேக் ஹைட்ராலிக்ஸ்தான் அவர்களின் மூலத் தொழில். பெயரில்லாத பெட்டியில் வருவதை வேண்டாம் என்பேன். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், உள்விட்டம் வேறாக இருக்கும். 5/8 அங்குலம், அதாவது 15.87 மி.மீ. சிலிண்டர் இருந்த இடத்தில் 11/16 அங்குல, அதாவது 17.46 மி.மீ. சிலிண்டரை மாட்டினால் பிஸ்டனின் பரப்பு 21 சதவீதம் கூடும். பின் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்று சந்தோஷப்படத் தோன்றும். ஈரச் சாலையில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். முன்னால் எடையுள்ள காரில் பின் பிரேக்கை அளவோடு வைத்திருப்பது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. பின்னுக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வை அதற்காகவே வைத்திருக்கிறார்கள். அந்த வால்வை எடுத்துவிட்டு நேர் இணைப்பு கொடுத்தால் பிடிக்கும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பழைய சிலிண்டரின் மேல் வார்த்த எண்ணைப் புதியதோடு ஒப்பிட்டு, இரண்டு பக்கமும் ஒரே அளவு, ஒரே தயாரிப்பு என்று பார்த்து வாங்குங்கள்.

கழற்றும்போது கவனிக்க வேண்டியது குழாய் நட்டு. முந்தைய நாள் ராத்திரியே துரு நீக்கும் ஸ்ப்ரேயை நட்டின் மேல் மட்டும் அடித்து வையுங்கள். சாதாரண டபுள் எண்ட் ஸ்பானர் போட்டால் நட்டின் முனை மழுங்கி, குழாயே முறுக்கிக்கொள்ளும். பிரேக் குழாய்க்கென்று வாய் திறந்த ரிங் ஸ்பானர் விற்கிறது, அதை வாங்கிவிடுங்கள். குழாய் விடுபட்டதும் அதன் முனையில் நிப்பிளின் ரப்பர் தொப்பியைச் செருகினால் ஆயில் தரையெல்லாம் ஒழுகாது. புது சிலிண்டருக்கும், அதையும் ஷூவையும் தாங்கும் தகடான பேக் பிளேட்டுக்கும் நடுவே தண்ணீர் புகாத சீலண்ட் ஒரு வளையம் தடவ வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போகும் வேலை இது. மழைநீர் டிரம்முக்குள் போவது இந்த வழியாகத்தான்.

ஷூ

ஷூவை மாற்றித்தான் ஆகவேண்டிய நிலை மூன்று: லைனிங் 1.5 மி.மீ.க்குக் கீழே தேய்ந்தது, ஆயில் ஊறியது, ஷூவிலிருந்து லைனிங் ஓரம் பிரிந்தது. வெறும் பளபளப்பு மட்டும் ஏறியிருந்தால் 80 நம்பர் உப்புத்தாளைக் குறுக்கே தேய்த்து மேல்தோலை எடுத்தால் போதும். தூசியை ஊதவோ ஏர் அடிக்கவோ கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். பிரேக் கிளீனர் ஸ்ப்ரே அடித்து ஈரமாகவே துடைத்தெடுங்கள்.

ஆயில் ஊறியிருந்தால் எந்த ஆயில் என்று பார்ப்பது முக்கியம். ஒரு துளியைத் தண்ணீரில் விடுங்கள். பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும். கலக்காமல் மிதந்து, மோந்து பார்த்தால் கந்தக நெடி அடித்தால் அது கியர் ஆயில். 800-இல் பின் அச்சுக்குள் ஆயில் கிடையாது, பேரிங் கிரீஸ் மட்டும்தான். அம்பாசடர், ஆம்னியில் அச்சின் ஆயில் சீல் தேய்ந்து கியர் ஆயில் டிரம்முக்குள் வரும். சீலை மாற்றாமல் ஷூவை மாற்றினால் ஒரே மாதத்தில் திரும்ப வருவீர்கள். ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவுவது, தீயில் காட்டுவது எல்லாம் வேலைக்கு ஆகாது. வெளியே காய்ந்ததுபோல் தெரியும். சூடானதும் உள்ளிருந்து கசிந்து மேலே வரும்.

தேர்வு என்று பார்த்தால் ஜெனியூன் ஷூ அல்லது பெயர்பெற்ற லைனிங் தயாரிப்பாளர்களின் ஷூ. ரானே, சுந்தரம் இரண்டுமே சென்னைக்காரர்கள். லைனிங்கையே தொழிலாகக் கொண்டவர்கள். லைனிங்கின் பக்கவாட்டில் அச்சடித்த எண்களுக்குப் பின்னால் இரண்டு ஆங்கில எழுத்து இருந்தால் படியுங்கள். முதலாவது குளிர்ந்த நிலையின் உராய்வு, இரண்டாவது சூடான நிலையின் உராய்வு. ஈ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. இரட்டை எஃப் இருந்தால் அன்றாட ஓட்டத்துக்குத் திருப்தி. இரண்டாவது எழுத்து முதலாவதைவிடக் கீழே இறங்கினால் மலை இறக்கத்தில் பிடிப்பு குறையும். எழுத்தே இல்லாத ஷூவை நான் வாங்க மாட்டேன். பழைய ஷூவில் புது லைனிங் ஒட்டித் தரும் கடைகள் ஊருக்கு ஊர் உண்டு. லாரிக்கும் டிராக்டருக்கும் அது சரியான வழி. அங்கே ரிவெட் அடித்துப் பிடிக்கிறார்கள். 800-இன் சின்ன ஷூ ஒட்டு வகை. அடுப்பில் சரியான சூடும் அழுத்தமும் கொடுத்து ஒட்டாவிட்டால் லைனிங் முழுசாகக் கழன்று டிரம்முக்குள் சிக்கும். புது ஷூ கிடைக்கும் வரை அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அட்ஜஸ்டரும் ஸ்பிரிங்கும்

கடையில் யாரும் தானாக எடுத்துத் தராத பாகம் இது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். ரிட்டர்ன் ஸ்பிரிங்குகள், ஷூவைப் பிடிக்கும் பின்னும் கிளிப்பும், அட்ஜஸ்டர் கம்பி. மொத்தத்தில் மிகக் குறைந்த விலை, மிகப் பெரிய பலன். ஷூ தேயும்போது பல்லுக்குப் பல் நகர்ந்து இடைவெளியைச் சமன் செய்யும் அட்ஜஸ்டர், பிரேக் தூசியும் துருவும் சேர்ந்து இறுகிவிடுகிறது. பிறகு ஒவ்வொரு ஆயிரம் கிலோமீட்டருக்கும் பெடல் ஒரு நூல் கீழே போகும். ஓட்டுபவரின் காலும் பழகிப்போகும். கையில் எடுத்துப் பல்லை விரலால் நகர்த்திப் பாருங்கள். தடையின்றி நகர்ந்து ‘டிக்’ என்று பிடித்தால் கழுவி மாட்டலாம். முனை உருண்டு வழுக்கினால் புதிது வாங்குங்கள். இடது, வலது தனித்தனி. மாற்றி மாட்டினால் சரிசெய்யவே செய்யாது. ஒரு பக்கத்தை முழுக்க மாட்டி முடித்தபிறகே மறுபக்கத்தைத் திறப்பது நல்லது. ஸ்பிரிங் எந்த ஓட்டையில் என்று குழம்பினால் எட்டிப் பார்க்க மறுபக்கம் அப்படியே இருக்கும்.

அட்ஜஸ்டர் கெடுவதற்கு இன்னொரு காரணம் கைவேலை. பெடல் கீழே போகிறது என்று சொன்னால் சில பட்டறைகளில் ஹேண்ட் பிரேக் கேபிளை நாலு சுற்று முறுக்கித் தருகிறார்கள். பெடல் உடனே மேலே வரும், வண்டிக்காரரும் மனநிறைவோடு போவார். ஆனால் கேபிள் இறுகியபின் டிரம்முக்குள் இருக்கும் நெம்புகோல் தன் ஓய்வு இடத்துக்குத் திரும்பாது. அட்ஜஸ்டர் நகர இடமே இருக்காது. அன்றோடு அதன் வேலை நின்றுவிடும். சரியான வரிசை இதற்கு நேர்மாறு: முதலில் கேபிளை முழுக்கத் தளர்த்த வேண்டும், ஷூ இடைவெளியைச் சரிப்படுத்த வேண்டும், கேபிளைக் கடைசியில்தான் தொட வேண்டும்.

பேக் பிளேட்டில் ஷூவின் ஓரம் உரசும் மேடுகள் ஆறு. பழைய வண்டியில் அந்த மேடுகளில் ஷூ பள்ளம் தோண்டியிருக்கும். விரல் நகத்தை ஓட்டினால் தட்டும். ஷூ அந்தப் பள்ளத்தில் சிக்கி வெளியே வரத் தயங்கும், விட்டாலும் திரும்பாது. அரம் போட்டு மட்டமாக்கி, அதிக வெப்பம் தாங்கும் கிரீஸைப் பயறளவு எடுத்து, ஆறு இடத்திலும் மெல்லத் தேயுங்கள். அதற்கு மேல் கிரீஸ் வேண்டாம், சூட்டில் உருகி லைனிங்குக்குப் போகும்.

டிரம்மும் லேத்தும்

800-இன் பின் டிரம்மில் பேரிங் உள்ளேயே இருக்கும். நடுமூடியை எடுத்து, நட்டைக் கழற்றித்தான் டிரம் வரும். தட்டி மடக்கிப் பூட்டும் நட்டு என்றால் திரும்ப மாட்டும்போது புது நட்டு போடுங்கள். டிரம் வராமல் முரண்டு பிடித்தால் சுத்தியலால் விளிம்பை அடிக்காதீர்கள், வார்ப்பிரும்பு விரிசல் விடும். ஹேண்ட் பிரேக் கேபிளைத் தளர்த்தி, பேக் பிளேட்டின் ரப்பர் அடைப்பை எடுத்து, அந்த ஓட்டை வழியே ஸ்க்ரூடிரைவரால் நெம்புகோலைத் தள்ளினால் ஷூ உள்வாங்கும். பிறகு டிரம்மை இழுக்கும் சறுக்குச் சுத்தியல் போதும்.

உள்விட்டத்தை நாலு திசையில் அளக்க வேண்டும். அனுமதித்த உச்ச அளவு டிரம்மின் மேலேயே வார்த்திருக்கும், 180 மி.மீ. சிறிய கார் டிரம்களில் அது வழக்கமாக 182. லேத்தில் கொடுக்கும்போது தேய்த்து முடித்த அளவை எழுதி வாங்குங்கள். இரண்டு டிரம்மையும் ஒரே அளவுக்குத் தேய்க்கச் சொல்ல வேண்டும், ஒன்று 180.4, மற்றது 181.6 என்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பேரிங் இருக்கையை மையமாகப் பிடித்துத் தேய்க்கும் லேத்காரரிடம் மட்டும் கொடுங்கள். வெளிவிளிம்பைப் பிடித்துத் தேய்த்தால் டிரம் வட்டமாக இருக்கும், ஆனால் மையம் விலகியிருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் பெடல் காலில் துடிக்கும். 181.5-ஐத் தாண்டிய டிரம்மை இன்னொரு தடவை தேய்க்கும் கூலி வீண், புதிது வாங்குவதே கணக்கு. சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் கிடைக்கும் டிரம்மை அளந்து பார்க்காமல் வாங்காதீர்கள்.

தேய்த்த டிரம்மின் வட்டம் புது ஷூவின் வட்டத்தைவிடப் பெரியது. தொடக்கத்தில் லைனிங்கின் நடுப்பகுதி மட்டும்தான் படும். இதைக் கண்ணால் பார்க்க ஒரு சுலபமான வழி: லைனிங் முழுவதும் சாக்பீஸைத் தேய்த்து, டிரம்மை மாட்டி, ஹேண்ட் பிரேக்கை லேசாக இழுத்து, இரண்டு சுற்று சுற்றிக் கழற்றுங்கள். சாக்பீஸ் அழிந்த இடம்தான் பிரேக் பிடிக்கும் இடம். நடுவில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்திருந்தால் ஓட்டத்தில் மீதி சேர்ந்துவிடும். ஒரு முனையில் மட்டும் அழிந்திருந்தால் ஷூ வளைந்தது, அல்லது கீழே தாங்கும் இடத்தில் சரியாக உட்காரவில்லை. ஒரே ஓரமாக அழிந்திருந்தால் பேக் பிளேட்டோ ஷூவோ கோணல்.

ஆயில் விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம். 800-க்கு டாட் 3 (DOT 3) தர பிரேக் ஆயில் போதும். அதன் கொதிநிலை புதிதாக 205 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறியபின் 140. டாட் 4 ஊற்றினாலும் தவறில்லை, அதில் 230-ம் 155-ம். சிலிக்கான் வகையான டாட் 5 மட்டும் கலக்கக்கூடாது. ஒரு லிட்டர் டப்பாவுக்குப் பதில் 500 மி.லி. பாட்டில் இரண்டு வாங்கி, இரண்டாவதைத் தேவைப்பட்டால் மட்டும் திறங்கள். போன வருடம் திறந்து அலமாரியில் வைத்த பாட்டில் பாதி இருந்தாலும் ஊற்றாதீர்கள். ரப்பர் படும் எதையும் பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெயில் கழுவக்கூடாது. கப் ஊதிப் பெருத்து, மொத்த வேலையும் முதலிலிருந்து தொடங்கும்.

குழாயிலிருந்து காற்று எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான இடது பின்சக்கரத்தில் தொடங்குங்கள். பழைய வண்டிக்கு ஒரு எச்சரிக்கை: பெடலைத் தரைவரை மிதிக்க வேண்டாம். மாஸ்டர் சிலிண்டரில் கப் வருடக்கணக்கில் போகாத பகுதி துருவேறியிருக்கும். ஒரே ஒரு முழு மிதியில் கப் அங்கே போய்க் கிழியும். பின் பிரேக் வேலைக்குப் போட்ட வண்டி மாஸ்டர் சிலிண்டர் போய்த் திரும்புவது இதனால்தான். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துவிட்டால் கவலையில்லை. ஒற்றைவழி வால்வு உள்ள பிளீடிங் ஹோஸ் விற்கிறார்கள். ஆள் துணையில்லாமல் செய்பவர்களுக்கு உதவும். ஆனால் நிப்பிள் மரையின் வழியே காற்று உள்ளே வரக்கூடும் என்பதால், கடைசி நாலைந்து மிதியை இரண்டு பேராக, மிதித்துப் பிடித்துத் திறந்து மூடும் பழைய முறையில் முடிப்பதே நம்பகம்.

எல்லாம் மாட்டியபின் இன்ஜினை ஓடவிட்டு, பெடலை அழுத்தமாகப் பத்துப் பதினைந்து முறை மிதியுங்கள். பின்னாலிருந்து ‘டிக், டிக்’ என்று அட்ஜஸ்டர் பல் ஏறும் சத்தம் கேட்கும். சத்தம் நின்றால் இடைவெளி சரியாகிவிட்டது. சக்கரத்தைக் கையால் சுழற்றினால் லேசாக உரசும் ஒலி மட்டும் வர வேண்டும். அதற்குப் பிறகுதான் கேபிள்: ஐந்தாறு கிளிக்கில் இரண்டு சக்கரமும் ஒருசேர இறுகும்படி வையுங்கள். முதல் நாள் 40 கி.மீ. வேகத்திலிருந்து மிதமாக இருபது தடவை நிறுத்துங்கள், நடுவே அரை நிமிடம் ஆறவிட்டு. முதல் 300 கிலோமீட்டருக்கு அழுத்தி பிரேக் போடும் தேவை வராதபடி இடைவெளி விட்டு ஓட்டுங்கள். 500 கிலோமீட்டரில் டிரம்மைக் கழற்ற வேண்டாம். பேக் பிளேட்டின் அடிவிளிம்பில் வெள்ளைத் துணியை ஓட்டிப் பாருங்கள், நிப்பிளையும் குழாய் நட்டையும் தொட்டுப் பாருங்கள். துணியில் ஈரம் ஒட்டினால் அன்றே சக்கரத்தைக் கழற்றுங்கள்.